அவனுக்குப் பதிலாக என் ரத்தம்

என் மகனை முதன்முதலில் வாயாரப் பாராட்டியவர்கள் நைட் ஷிஃப்ட் ஆட்கள்தான். இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்தது வரிசையாகக் கதவுகள் வைத்த வாடகை ரூம்களில் ஒன்று. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாராவது ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். குக்கர் விசில் அடித்தால் முகம் சுளிப்பார்கள். டிவியைக் கொஞ்சம் கூட வைத்தால் சுவரைத் தட்டுவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குக் கைக்குழந்தையோடு போகிறோமே, ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் எனக்குக் கவலை. ஒரு வாரத்துக்குள் அந்த வரிசை மொத்தமும் என் பிள்ளைக்கு ரசிகர் மன்றம் ஆகிவிட்டது. காரணம் ஒன்றுதான். அவன் அழ மாட்டான்.

சுத்தமாக அழ மாட்டான் என்றில்லை. எப்போதாவது ஒரு முனகல் வரும், தொண்டை கட்டினவன் பேசுவதுபோல. அதுவும் நாலு எட்டு வைப்பதற்குள் அடங்கிவிடும். பிறகு தூக்கம். "உன் புள்ள மாதிரி எல்லா வூட்லயும் பொறந்தா நாங்க எக்ஸ்ட்ரா ஓ.டி. பார்த்துட்டு வந்து நிம்மதியா படுப்போம்மா" என்று மூன்றாவது ரூம்காரர் ஒருநாள் நிறுத்திச் சொன்னார். எனக்கு அன்றைக்கெல்லாம் தலை கனத்துக் கிடந்தது. எதற்குப் பெருமைப்படுகிறோம் என்றே தெரியாமல் பெருமைப்பட்ட நாட்கள் அவை.

நான் கொஞ்சம் வாய்க்காரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவள். சூப்பர்வைசர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். வயிறு தள்ளிய பிறகும் கம்பெனி பஸ் பிடித்துப் போய் வந்தேன். என் வீட்டுக்காரர் பென்னலூர்க்காரர். கார் பாகங்கள் செய்யும் இடத்தில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறார். எனக்கு அம்மா இல்லை. மாமியார் வந்தார், வீட்டில் கறவை மாட்டை விட்டுவிட்டு அதிக நாள் தங்க முடியாமல் திரும்பிவிட்டார். ஆக, அந்த ரூமில் நானும் பிள்ளையும், ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் அவரும். பக்கத்து ரூமில் சங்கரன்கோவில் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்காரரும் நைட் ஷிஃப்ட். வெந்நீர் வைத்துக் கொடுப்பதிலிருந்து எனக்கு ரசம் வைப்பது வரைக்கும் அந்த அக்காதான்.

பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில். ஆபரேஷன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு காலையில் சிஸ்டர் ஒருவர் வார்டுக்குள் கட்டில் கட்டிலாக வந்தார். ஒவ்வொரு குழந்தையின் குதிகாலையும் சூடுபறக்கத் தேய்த்து, ஊசியால் குத்தி, வந்த ரத்தத்தைத் தடித்த காகிதத்தில் இருந்த வட்டங்களில் சொட்டவிட்டார். என் கட்டிலுக்கு வந்ததும், எதற்கு என்று கேட்டேன். தைராய்டுக்கு என்றார். எனக்குத் தைராய்டு இல்லையே, மாசமாக இருந்தபோதே பார்த்தாயிற்றே என்றேன். அவர் பஞ்சை அழுத்திக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கில்லம்மா, குழந்தைக்கு. சில குழந்தைங்களுக்குப் பொறக்கும்போதே அது சுரக்காது. பார்த்தா ஒண்ணுமே தெரியாது. லேட்டா கண்டுபிடிச்சா மூளை வளர்ச்சி நின்னுடும். அதான் எல்லாருக்கும் எடுக்கறோம்."

மூளை என்ற சொல் மட்டும் என் காதில் நின்றது. மற்றதெல்லாம் தையல் வலியில் கரைந்துபோனது. பக்கத்துக் கட்டில் குழந்தை ஊசி பட்டதும் வார்டே அதிரக் கத்தியது. என் பிள்ளை முகத்தைச் சுளித்து ஒரு முனகல் முனகினான், திரும்பத் தூங்கிப்போனான். தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன். அதோடு ரத்த வகையும் பார்த்துச் சொன்னார்கள். அவனுக்கு ஓ பாசிட்டிவ். என் வீட்டுக்காரருக்கும் அதேதான். எனக்கு பி. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், மூக்கு அவள் மூக்காக இருக்கலாம், ரத்தம் என் ரத்தம் என்று சொல்லிச் சிரித்தார்.

ரூமுக்கு வந்த பிறகு ஒருநாள் அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். கம்பெனிக்குள் போனை லாக்கரில் வைத்துவிடவேண்டும். வெளியே வந்து பார்த்தால் ஒரே நம்பரிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். லோன் வேண்டுமா என்று கேட்கிற ஆட்கள் என்று முதலில் விட்டுவிட்டாராம். பஸ்ஸில் வரும்போது மறுபடி அடித்ததும் எடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து. குழந்தையின் டெஸ்டில் கொஞ்சம் ஜாஸ்தி காட்டுகிறது, உடனே கூட்டிக்கொண்டு வந்து இன்னொரு முறை ரத்தம் கொடுக்கவேண்டும் என்றார்களாம்.

ஜாஸ்தி என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்டேன். சுரக்காமல் போனால்தான் ஆபத்து என்று சிஸ்டர் சொன்னாரே, இவர்கள் ஜாஸ்தி என்கிறார்களே. ஜாஸ்தி இருந்தால் நல்லதுதானே. அவருக்கும் தெரியவில்லை. போனில் பேசின அம்மா இன்னொன்றும் சொன்னாராம். பிறந்த உடனே எடுத்தால் சில குழந்தைகளுக்கு அப்படிக் காட்டுவதும் உண்டு, அதனால்தான் திரும்பப் பார்க்கவேண்டும், பயப்பட வேண்டாம் என்று. இந்தக் கடைசி வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் மூளை என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே போன் காலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். சம்பந்தமே இல்லாமல் பேசினோம்.

உடனே கிளம்பியிருக்கவேண்டும். கிளம்பவில்லை. தீட்டு கழிவதற்கு முன்னால் பச்சைப் பிள்ளையை வாசல்படி தாண்ட விடக்கூடாது என்று மாமியார் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தையல் ஆறவில்லை, இரண்டு பஸ் மாறவேண்டும். அவர் கம்பெனியில் ஆடிட், லீவு கேட்டால் முறைப்பார்கள். இதையெல்லாம் கூட்டிக் கழித்து அவர் ஒரு யோசனை சொன்னார். மெயின் ரோட்டிலேயே லேப் இருக்கிறது, ஆட்டோவில் பத்து நிமிஷம், ரத்தம் எங்கே எடுத்தால் என்ன. தீட்டுக்கு ஆஸ்பத்திரிதான் தூரம், லேப் கிட்டே என்பதுபோல மாமியாரும் அதற்குச் சரி என்றார். இதற்கு என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

லேபில் இருந்தது நடுவயதுப் பெண்மணி ஒருவர். பிள்ளையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரம்பே கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் குத்தினார், ரத்தம் வரவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினார், வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையோ அப்போதும் முனகினானே தவிர அழவில்லை. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எடுத்துப் பழக்கமில்லை என்று அந்தம்மா நேர்மையாகவே சொன்னார். நாங்கள் எழுந்துகொண்டபோது, எங்கள் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, ஒன்று சொன்னார். வேண்டுமானால் அம்மாவுக்கு எடுத்துப் பார்க்கலாம், குழந்தை தாய்ப்பால்தானே குடிக்கிறது, அம்மாவுக்குச் சரியாக இருந்தால் பெரும்பாலும் குழந்தைக்கும் சரியாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரரின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அது அவருக்குப் புரிகிற பாஷை. அவர் வேலையே அதுதான். வந்து இறங்கும் இரும்பை முதலில் செக் பண்ணுவார்கள். அது பாஸ் ஆனால் அதிலிருந்து அடிக்கிற ஒவ்வொரு பீஸையும் உடைத்துப் பார்க்கமாட்டார்கள்.

"வர்ற மெட்டீரியல் ஓகேன்னா பீஸும் ஓகேதான்டி" என்றார். "உன்கிட்டேர்ந்து தானே அவன் வந்தான்."

லைனில் நின்றவள் நான். எனக்கும் அது சரியாகப் பட்டது. சரியாகப் படாமல் எங்கே போகும், பிள்ளையை மறுபடி குத்தாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டதே. கையை நீட்டினேன். என் ரத்தம் தாராளமாக வந்தது.

மறுநாள் ரிசல்ட். எல்லாம் நார்மல். அவர் ஸ்வீட் வாங்கிவந்தார். பக்கத்து ரூம் அக்கா, நான் அப்பவே சொன்னேன்லா, பிள்ள முகத்தப் பாரு, என்ன களையா கெடக்கு என்று நெட்டி முறித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டபோது, இங்கேயே பார்த்துவிட்டோம், நார்மல் என்று வந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியா, ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்றார்களாம். ஆடிட் முடியட்டும் என்று இவர் தள்ளிப்போட்டார். யாருக்கு எடுத்தோம் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்குத் தோன்றியிருக்காது. குழந்தையின் டெஸ்டுக்கு அம்மாவின் ரத்தத்தைக் கொடுக்கிற புத்திசாலிகள் உலகத்தில் இருப்பார்கள் என்று யார்தான் நினைப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில்தான் எனக்குக் குழப்பம் முற்றியது. நார்மல் என்று காகிதம் சொல்கிறது. பிள்ளையைப் பார்த்தால் மனசு வேறு ஏதோ சொல்கிறது. பால் குடிக்க அவனை எழுப்புவதே பெரிய பாடு. உள்ளங்காலைச் சுண்டுவேன், ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பேன். வாயை வைப்பான், நாலு இழுப்பு இழுப்பான், அப்படியே தூங்கிப்போவான். கண்ணில் மஞ்சள் போகவே இல்லை. காலை வெயிலில் காட்டு என்றார்கள், காட்டினேன். வயிறு கட்டிக்கொண்டது. அக்கா வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைத்துப் பார்த்தார். தொப்புள் பிதுங்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒரு சமாதானம் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்றார்கள். அது உண்மையும்தான், எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். எனக்கு எதைச் சொல்லிச் சண்டை போடுவது என்றே தெரியவில்லை. வாய்க்காரி என்று பேர் எடுத்தவளுக்கு வாய் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஒருவேளை கண் பட்டுவிட்டதோ என்றும் நினைத்தேன். வரிசை முழுக்கச் சமத்து சமத்து என்று சொல்கிறார்களே, அத்தனை பேர் கண்ணும் சும்மாவா இருக்கும். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை. அப்படியென்றால் பலமான கண் என்று அக்கா சொன்னார். பெரிய மைப்பொட்டாக ஒன்று கன்னத்தில் வைத்தேன். அதற்குள் இன்னொரு நினைப்பு. கண் பட்டால் பிள்ளை அழவேண்டும் அல்லவா, இவன் ஏன் அழமாட்டேன் என்கிறான். சமத்தாக இருப்பதால் திருஷ்டியா, திருஷ்டி பட்டதால் சமத்தா. இப்படி யோசித்து யோசித்து எனக்கே பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது.

அப்போதுதான் எதிர் ரூமில் ஒரு பெண் பிரசவமாகி வந்தாள். அவள் குழந்தை பெண். என்ன தொண்டை அதற்கு! பசித்தால் கத்தும், நனைத்தால் கத்தும், தூக்கினால் கத்தும், இறக்கினால் கத்தும். முதல் நாளே மூன்றாவது ரூம்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய்ப் படுத்தார். அந்தப் பெண் கூனிக் குறுகிப்போய், ஒவ்வொரு கதவாகப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நடந்தாள். எல்லாரும் அவளிடம் என் பிள்ளையைக் காட்டினார்கள். அவளும் வந்து பார்த்துவிட்டு, உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது அக்கா என்று சொன்னாள்.

அவள் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே அந்தப் பெண் குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. என் பிள்ளை அதைவிட மூத்தவன். கண்ணைத் திறந்தான், என்னைப் பார்த்தானா சுவரைப் பார்த்தானா தெரியவில்லை, மூடிக்கொண்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை. எதிர் ரூம் குழந்தைக்கு உலகத்தின்மேலேயே அவ்வளவு கோபம் இருந்தது. என் வயிற்றில் பிறந்தவனுக்குக் கோபமே இல்லை என்றால் அதை நான் எப்படி நம்புவேன்.

அவர் வரும்வரைக்கும் காத்திருந்தேன். வந்ததும் வராததுமாக, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். அவர் சலித்துக்கொண்டார். அதான் நார்மல் என்று வந்துவிட்டதே, தினம் தினம் என்ன இது, நிம்மதியாக இருக்கவே உனக்குத் தெரியாதா என்றார். நிம்மதி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யோவ், அவன் உன் ரத்தம் உன் ரத்தம்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சியே. அப்புறம் என் ரத்தத்தைப் பார்த்துட்டு அவனுக்கு ஒண்ணுமில்லன்னு எப்படிய்யா சொல்ற?"

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவன் ரத்தம் வேறு, என் ரத்தம் வேறு. ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்களே, அவனுக்கு ஓ, எனக்கு பி. இவ்வளவு நாள் இது எங்கே போயிருந்தது. அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மெட்டீரியல் ஓகே ஆயிருந்தாலும், மெஷின்ல ரிஜெக்ட் ஆவறதும் கீது."

என் பிள்ளையை அந்த வார்த்தையால் சொல்லாதே என்று அவர் மார்பிலேயே அடித்தேன். அடித்துவிட்டு அழுதேன். அவரும் அழுதார். வரிசையில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அதனால் இரண்டு பேரும் துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதோம். இப்போது நினைத்தால் அந்த மரியாதை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அவர் யாரிடமும் லீவு கேட்கவில்லை, வேலைக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனோம். குழந்தைகள் டாக்டரம்மா முதலில் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். நாக்கை, தொப்புளை, உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். இது யாருக்கு எடுத்தது என்று கேட்டார். எனக்கு என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் பதிலுக்குச் சொல்ல ஏதாவது தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான். எனக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

சிஸ்டர் ரத்தம் எடுத்தார். பிள்ளை வழக்கம்போல ஒரு முனகல். உட்காருங்கள், ரிசல்ட் பார்க்காமல் போகக்கூடாது என்றார்கள். உட்கார்ந்தோம். அவர் கேன்டீனிலிருந்து எனக்கு இட்லி வாங்கிவந்தார். சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னார். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. என் கழுத்தில் இருப்பது எனக்கு, அவன் கழுத்தில் இருப்பது அவனுக்கு. என்னுடையது நன்றாக வேலை செய்கிறது, அவனுடையது வேலை செய்யவில்லை. அது சுரப்பதற்காக மூளை விரட்டிக்கொண்டே இருக்குமாம், அந்த விரட்டல்தான் ஜாஸ்தி என்று காட்டியதாம். லைனில் அவுட்புட் குறையக் குறைய சூப்பர்வைசர் கத்துவது கூடிக்கொண்டே போகுமே, அதுபோல என்று எடுத்துக்கொண்டேன். தாய்ப்பாலில் அந்தக் குறை தீராது. தினம் காலையில் ஒரு சின்ன மாத்திரை, ஒருநாள்கூட விடக்கூடாது. அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தானே, அது சமத்து இல்லை என்றும் சொன்னார். அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டேன். "நாங்க விட்ட நாளுக்கெல்லாம் இன்னா ஆவும், மேடம்?"

"இப்ப சொல்ல முடியாதும்மா. ரொம்ப லேட் இல்ல. ஆனா நாங்க நெனச்ச நாள்லயும் ஆரம்பிக்கல. வளர வளரத்தான் பார்க்கணும். நீ நாளைக்கு மாத்திரை குடு. அதை மட்டும் யோசி."

அதை மட்டும் எப்படி யோசிப்பது. இன்றைக்கும் என்னால் முடியவில்லை. அவன் இப்போது நடக்கிறான், ஓடுகிறான், என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்துவைக்கிறான். எதிர் ரூம் பெண் குழந்தை மூச்சு விடாமல் பேசுகிறது, இவன் கையைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறான். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி என்கிறார் டாக்டரம்மா. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்கிறார் மாமியார். இது அந்த நாட்களின் கணக்கா, இவன் சுபாவமா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. அவன் ஒரு பந்தைப் பிடிக்காமல் விட்டால்கூட எனக்கு அந்த லேபில் நீட்டின என் கைதான் ஞாபகம் வருகிறது.

முதல் மாத்திரை கொடுத்த காலையில் இரண்டு ஸ்பூனுக்கு நடுவே வைத்து நசுக்கினேன். பிழிந்த பாலில் நாலு சொட்டு விட்டுக் குழைத்தேன். பக்கத்து ரூம் அக்கா வாசலில் நின்றுகொண்டு, பச்ச மண்ணுக்கு எதுக்குட்டி மாத்திர, நல்லாத்தான கெடக்கு என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். நார்மல் என்று வந்தது என் ரத்தம்தான் என்று தெரிந்தும், அந்தக் காகிதம் மனசை விட்டுப் போகவில்லை. எதை நம்புவது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவைத்த அந்த முகத்தைத்தான் நான் நம்பினேன். ஸ்பூனை அவன் வாயில் வைத்தேன். நாக்கால் துழாவி விழுங்கினான்.

கொஞ்ச நாளில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. பாலுக்குத் தானாக விழித்தான். கை காலை ஆட்டினான். வயிறு இளகியது. முனகல் முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக வந்தது. இது நிஜமா, நான் ஆசையில் பார்க்கிறேனா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவரிடம் கேட்டால் அவர் என்னைக் கேட்டார்.

மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொன்ன நாளில் போனோம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். நேரம் மிச்சமாகட்டும் என்று பிள்ளையை அவர் தூக்கிக்கொண்டு ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனார், நான் மாத்திரை வாங்கும் வரிசைக்குப் போனேன். குத்துவதைப் பார்க்கவேண்டாம் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஜன்னலில் ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். வெயில் வேறு முதுகில் அடித்தது.

அப்போது எங்கேயோ ஒரு குழந்தை கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்து, மூச்சைப் பிடித்து, இதோ நின்றுவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் இன்னும் பலமாக வந்தது. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல அவ்வளவு கோபம். வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஏற்கெனவே எரிச்சல், தலைவலி. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சொன்னேன்.

"யார் பெத்த புள்ளயோ தெரியல, இந்தக் கத்து கத்துது. அம்மாக்காரி எங்க போய்த் தொலைஞ்சாளோ."

அந்தம்மா ஆமாம் என்பதுபோல உச்சுக்கொட்டினார். சிஸ்டர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, இந்தக் குழந்தைக்கு அம்மா யாரு, வந்து பால் குடும்மா, அப்பாவால சமாளிக்க முடியல என்று சத்தமாகக் கூப்பிட்டார். யாராவது ஓடுவார்கள் என்று நானும் வரிசையில் நின்றபடி சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் நகரவில்லை. சிஸ்டருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் தோளில் ஒரு பிள்ளை முகமெல்லாம் சிவந்து, முதுகை வில்லாக வளைத்து, அவர் நெஞ்சை இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்து என்னவோ சொன்னார், அந்தக் கத்தலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அதுவரைக்கும் நான் அவன் குரலைக் கேட்டதே இல்லை. வரிசையை விட்டு ஓடவேண்டியவள் நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.